ரேடியல் எஞ்சினுக்கு மேக்னெட்டோ டைமிங் வைப்பது: ஆர்-985 வாஸ்ப் ஜூனியரை வைத்து ஒரு செய்முறை

பிராட் அண்ட் விட்னி ஆர்-985 வாஸ்ப் ஜூனியர் ஒற்றை வரிசையில் ஒன்பது சிலிண்டர் வட்டமாக நிற்கும் ரேடியல் எஞ்சின். பெரும்பாலான மாடல்கள் 2,300 ஆர்பிஎம்மில் 450 குதிரைத்திறன் தரும். டி ஹாவிலாண்ட் கனடா பீவர், பீச் 18, எஞ்சின் மாற்றிய ஸ்டியர்மேன் என்று இன்றும் பறந்துகொண்டிருக்கிறது. சுற்றும் காந்தத்தால் பிளக்குக்குக் கரண்ட் உண்டாக்கித் தரும் மேக்னெட்டோ இதில் இரண்டு, இரண்டுக்கும் ஒரே எண்தான்: கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் உச்சியில் நிற்கும் டாப் டெட் சென்டருக்கு 25 டிகிரி முன்னால் ஸ்பார்க். இந்திய விமானப்படை ஓட்டிய ஹார்வர்டிலும் ஆட்டரிலும் இருந்தது இதன் அண்ணன் ஆர்-1340. அதற்கும் வேலையின் போக்கு இதேதான். டக்கோட்டாவின் ஆர்-1830 இரண்டு வரிசை, 14 சிலிண்டர். அதில் கியர் விகிதம் ஒன்று குறுக்கே வரும், அதைப் பிறகு பார்ப்போம்.

25 டிகிரி எதற்கு? 2,300 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு விநாடிக்கு 13,800 டிகிரி சுற்றுகிறது. 25 டிகிரியைக் கடக்க அதற்கு 1.8 மில்லி விநாடிதான் ஆகும். ஸ்பார்க் விழுந்தவுடன் கலவை முழுவதும் வெடித்துவிடுவதில்லை. தீ பிளக்கிலிருந்து பரவ நேரம் எடுக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றுக் கீழே இறங்கியதும் அழுத்தம் உச்சத்தைத் தொட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த முன்னேற்பாடு. ஐந்து அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ள சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்திருப்பதும் இதற்காகவே.

இந்த வேலையில் பெரும்பாலான குழப்பம் ஒரே இடத்தில் பிறக்கிறது. டைமிங் என்பது இங்கே இரண்டு. மேக்னெட்டோவுக்குள் பிரைமரி காயிலின் கரண்டை வெட்டி ஸ்பார்க்கைப் பிறப்பிக்கும் பாயின்ட் எப்போது திறக்கிறது என்பது ஒன்று. அந்த மேக்னெட்டோ எஞ்சினோடு எந்தக் கோணத்தில் கோக்கப்பட்டிருக்கிறது என்பது இன்னொன்று. எஞ்சினில் இரண்டு டிகிரி தள்ளி வருகிறதென்று பாயின்ட் ஸ்க்ரூவைத் திருகிச் சரிக்கட்டினால் டைமிங் லைட் 25-இல் எரியும், ஸ்பார்க் பலவீனமாகிவிடும். உள் டைமிங் முதலில், வெளி டைமிங் அடுத்து. பாயின்டைத் தொட்டால் வெளி டைமிங்கை மறுபடியும் பார்த்தே ஆக வேண்டும்.

எண்களும் திசையும்

சிலிண்டர்களை எஞ்சினின் பின்புறமிருந்து, அதாவது பைலட் பக்கமிருந்து பார்த்து எண்ண வேண்டும். உச்சியில் 1, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் 2, 3 என்று போகும். 5-ம் 6-ம் அடியில் தொங்குபவை. கிராங்க் சுற்றுவதும் பின்புறமிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றுதான். முன்னால் புரொப்பெல்லர் பக்கம் நிற்பவருக்கு அது எதிர்ச்சுற்றாகத் தெரியும். ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நின்று வேலை செய்யும்போது "வலப்பக்கம் திருப்பு" என்று சொல்லாதீர்கள். "ஓடும் திசை", "எதிர்த் திசை" என்ற இரண்டு சொல் போதும்.

ஃபயரிங் ஆர்டர் 1-3-5-7-9-2-4-6-8. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற ஒன்பது ஸ்பார்க், அதாவது 80 டிகிரிக்கு ஒன்று. வலது மேக்னெட்டோ முன் பிளக்குகளுக்கும் இடது மேக்னெட்டோ பின் பிளக்குகளுக்கும் கரண்ட் கொடுக்கிறது.

ஸ்பார்க்கை முறைவைத்துப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் அச்சிட்டிருக்கும் எண்கள் சிலிண்டர் எண்கள் அல்ல, ஸ்பார்க் வரும் வரிசை. டிஸ்ட்ரிபியூட்டரின் 2 என்ற முனை 3-ம் சிலிண்டருக்குப் போகும், 3 என்பது 5-க்கு, 4 என்பது 7-க்கு, 5 என்பது 9-க்கு, 6 என்பது 2-க்கு, 7 என்பது 4-க்கு, 8 என்பது 6-க்கு, 9 என்பது 8-க்கு. ஹார்னஸை, அதாவது பிளக் ஒயர்த் தொகுப்பை, கழற்றி மாட்டிய பிறகு "டைமிங் போய்விட்டது" என்று வரும் புகார்களில் இந்த வரிசை மாறிப்போனதும் உண்டு.

மேக்னெட்டோவின் பெயர்ப்பலகையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். எஸ்பி9ஆர்என் என்றிருந்தால் எஸ் ஒற்றை மேக்னெட்டோ, பி அடித்தளத்தில் உட்காரும் வகை, 9 சிலிண்டர் எண்ணிக்கை, ஆர் டிரைவ் முனையிலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்று, என் பெண்டிக்ஸ் சின்டில்லா தயாரிப்பு. ஆர் இருக்க வேண்டிய இடத்தில் எல் இருந்தால் அது எதிர்ச்சுற்று மேக்னெட்டோ. பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடுங்கள்.

புரொப்பெல்லரைத் தொடும் முன்

மேக்னெட்டோ சுவிட்ச் ஆஃப் என்றால் கரண்ட் நின்றது என்று பொருளல்ல. பிரைமரி காயில் எர்த் ஆகியிருக்கிறது என்று மட்டுமே பொருள். சுவிட்சுக்கு வரும் பி-லீட் ஒயர் எங்காவது அறுந்திருந்தால், சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். பி-லீடைக் கழற்றிவிட்டாலும் அதே கதைதான். ஆகவே பெட்ரோல் வால்வை மூடுங்கள், மிக்ஸ்சரை ஐடில் கட்-ஆஃபில் வையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள், பூஸ்டர் காயிலின் இணைப்பை எடுங்கள். பிறகு ஒன்பது சிலிண்டரிலும் குறைந்தது ஒரு பிளக்கையாவது கழற்றுங்கள்.

பிளக்கைக் கழற்ற இன்னும் இரண்டு காரணம் உண்டு. கம்ப்ரஷன் இல்லாவிட்டால் புரொப்பெல்லரை அரை டிகிரி அரை டிகிரியாக நகர்த்த முடியும். அடியிலிருக்கும் சிலிண்டர்களில் எண்ணெய் தேங்கியிருந்தால் அதுவும் வெளியே வந்துவிடும். கையால் திருப்பும்போது கெட்டியாக முட்டினால், எதிர்த் திசையில் சுற்றி விடுவிக்கப் பார்க்காதீர்கள். எண்ணெய் இன்டேக் குழாய்க்குள் ஏறி ஒளிந்துகொண்டு, ஸ்டார்ட் செய்யும்போது திரும்பி வந்து ராடை வளைக்கும். அடிச் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி வடிய விடுவது ஒன்றே வழி.

மேக்னெட்டோவுக்குள்

மேக்னெட்டோவை பெஞ்சில் வைத்து பிரேக்கர் மூடியைக் கழற்றுங்கள். பாயின்ட் முகம் சாம்பல் நிறத்தில், பனிபடர்ந்த கண்ணாடி போல மங்கலாக இருந்தால் நல்லது. நீலம் பாரித்திருந்தாலோ, ஒரு பக்கம் மேடும் எதிர்ப்பக்கம் குழியுமாக இருந்தாலோ கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் டைமிங் வைப்பது வீண், சில மணி நேரத்தில் நகர்ந்துவிடும். பாயின்டைத் திறக்கும் கேமை உரசும் ஃபாலோவரின் ஃபெல்ட் காய்ந்திருந்தால் கையேட்டில் சொன்ன எண்ணெயை ஓரிரு சொட்டு மட்டும் விடுங்கள். அதிகமானால் எண்ணெய் பாயின்டில் தெறித்துக் கருகும்.

அடுத்து கேமைப் பாருங்கள். நான்கு மேடா, ஒன்பது மேடா?

நான்கு மேடு என்றால் கேம் காந்தத்தோடு சேர்ந்தே சுற்றுகிறது. நான்கு துருவக் காந்தம் ஒரு சுற்றுக்கு நான்கு ஸ்பார்க் தரும். கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒன்பது வேண்டும். அதனால் மேக்னெட்டோ சுற்றுவது கிராங்கின் வேகத்தைப் போல 1.125 மடங்கு, அதாவது ஒன்றே அரைக்கால். டிஸ்ட்ரிபியூட்டர் ஃபிங்கர் ஒரு சுற்று முடிக்க மேக்னெட்டோ இரண்டே கால் சுற்ற வேண்டும். எனவே கேமில் குறி பொருந்தியது என்பதை மட்டும் வைத்து 1-ம் சிலிண்டர் என்று முடிவு செய்ய முடியாது. ஃபிங்கர் 1 என்ற முனைக்கு நேரே நிற்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை.

ஒன்பது மேடு என்றால் அது ஈடுகட்டிய கேம், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவது. ரேடியலில் மாஸ்டர் ராட் ஒன்றுதான் கிராங்க் பின்னை நேரடியாகப் பிடித்திருக்கிறது. இந்த எஞ்சினில் அது 5-ம் சிலிண்டரில் இருக்கிறது. மற்ற எட்டும் மாஸ்டர் ராடின் தலையில் தொற்றிக்கொண்டவை. அவற்றின் பின்கள் சுத்தமான வட்டத்தில் சுற்றுவதில்லை. அதனால் எல்லாப் பிஸ்டனும் சரியாக 40 டிகிரி இடைவெளியில் உச்சியைத் தொடுவதுமில்லை. அந்த வித்தியாசத்தைக் கேமின் மேடுகளிலேயே ஏற்றத்தாழ்வாக அரைத்து வைத்திருக்கிறார்கள். 1-ம் சிலிண்டருக்கான மேட்டின் அருகே ஒரு புள்ளி இருக்கும், சரிசெய்வது அந்த ஒரு மேட்டில் மட்டுமே. மற்ற மேடுகளில் பாயின்ட் திறப்பு சற்று முன்பின்னாக வருகிறதென்று திருத்தப் போகாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு ரக எஞ்சினின் ஈடுகட்டிய கேமை இன்னொரு ரகத்துக்கு மாற்றிப் போடவும் கூடாது.

இனி ஈ-கேப். சுற்றும் காந்தம் நடுநிலையைத் தாண்டிச் சில டிகிரி போனதும் பிரைமரி காயிலில் கரண்ட் உச்சத்தில் இருக்கும். அந்த நொடியில் பாயின்ட் திறந்தால்தான் ஸ்பார்க் முழு பலத்தோடு விழும். அந்த இடத்தைத் தொழிற்சாலையிலேயே குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். கேமின் தலையில் படிபோல ஒரு வெட்டு இருக்கும். அதன் மேல் நேரான ஸ்டீல் ஸ்கேலை வைத்து, பிரேக்கர் கூட்டின் விளிம்பிலுள்ள குறிகளோடு ஸ்கேல் நேராகும்வரை டிரைவைச் சுற்றுங்கள். அங்கே பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். 0.0015 அங்குல (0.04 மி.மீ.) ஃபீலர் தகட்டைப் பாயின்டுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்துப் பிடித்தால் தகடு நழுவும் இடம் அதுதான். டைமிங் லைட் இன்னும் துல்லியம்.

பழைய புல்லட்டில் ஃபீலரை நுழைத்து "பாயின்ட் கேப்" வைத்துப் பழகிய கை இங்கே தடுமாறும். இங்கே இடைவெளியின் அளவு இலக்கு அல்ல, திறக்கும் இடமே இலக்கு. இடம் சரியானால் இடைவெளி தானாக ஓர் அளவில் நிற்கும். அந்த இடைவெளி கையேட்டின் எல்லைக்கு வெளியே போனால் ஃபாலோவரோ பாயின்டோ ஆயுள் முடிந்தது. லாக் ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு மறுபடியும் பாருங்கள். இறுக்கும்போதே பாயின்ட் நகரும்.

பிஸ்டனை 25-இல் நிறுத்துவது

1-ம் சிலிண்டரின் பிளக் துளையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு ஓடும் திசையில் புரொப்பெல்லரைத் திருப்பச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளினால் கம்ப்ரஷன். சந்தேகமிருந்தால் ராக்கர் மூடியைத் திறந்து இரண்டு வால்வும் மூடியிருப்பதைப் பாருங்கள். இந்தப் படியில் தவறி எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நின்றுவிட்டால் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஸ்பார்க் ஒரு முழுச் சுற்றுத் தள்ளி விழும். எஞ்சின் பிடிக்காது, கார்புரேட்டர் வழியாகத் தும்மும்.

உச்சியைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. டைம்-ரைட் கருவி இருந்தால் அதைப் பிளக் துளையில் பொருத்துங்கள். அதன் கை பிஸ்டன் தலையில் பட்டு, பிஸ்டன் ஏற ஏற வெளியே காட்டும். பிஸ்டன் மிக மேலே போகும் இடத்தில் ஸ்கேலின் பூஜ்யத்தைப் பொருத்திக்கொண்டு, பின்வாங்கி, மறுபடியும் முன்னேறி 25-க்கு வர வேண்டும். ஸ்கேல் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஆர்-985 ஸ்கேல்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவி இல்லையென்றால் டிகிரி வட்டும் ஒரு ஸ்டாப்பரும். வட்டைப் புரொப்பெல்லர் ஹப்பில் நடுமையமாக ஒட்டி, அசையாத கம்பி ஒன்றை முள்ளாக நிறுத்துங்கள். ஸ்டாப்பரைப் பிளக் துளையில் மாட்டி, ஓடும் திசையில் மெதுவாகத் திருப்பிப் பிஸ்டன் முட்டும் இடத்தைக் குறியுங்கள். எதிர்த் திசையில் திருப்பி அந்தப் பக்கம் முட்டும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நட்டநடுவே உச்சி. உச்சியில் பிஸ்டன் பல டிகிரிக்கு அசையாமல் நிற்பது போலவே இருக்கும் என்பதால் கண்ணால் பார்த்தோ குச்சி விட்டோ அதைப் பிடிக்க முடியாது. ஸ்டாப்பர் வேண்டியிருப்பது அதனால்தான். 1-ம் சிலிண்டரில் இருப்பது மாஸ்டர் ராட் அல்ல. அந்தப் பிஸ்டன் ஏறுவதும் இறங்குவதும் அச்சு அசலாக ஒரே அளவில் இருக்காது. ஸ்டாப்பரை உச்சிக்கு அருகிலேயே முட்டும்படி நீளமாக வைத்தால் அந்தப் பிழை சிறுத்துவிடும்.

ஆர்-985-இல் புரொப்பெல்லர் கிராங்கோடு நேரடியாகச் சுற்றுவதால் வட்டில் 25 என்றால் 25-தான். கியர் வைத்த எஞ்சினில் அப்படியில்லை. 16:9 கியர் உள்ள ஆர்-1830-இல் கிராங்கின் 25 டிகிரி புரொப்பெல்லர் வட்டில் 14 டிகிரியாகத்தான் தெரியும். வட்டில் 25 பார்த்துவிட்டு நிறுத்தினால் எஞ்சின் 44 டிகிரி அட்வான்ஸில், அதாவது உச்சிக்கு அவ்வளவு முன்னால், நிற்கும்.

இப்போது உச்சியிலிருந்து எதிர்த் திசையில் 40 டிகிரிவரை பின்வாங்கி, ஓடும் திசையில் மெதுவாக வந்து 25-இல் நில்லுங்கள். தாண்டிவிட்டால் அப்படியே இரண்டு டிகிரி பின்னால் தள்ளிச் சரிசெய்யக் கூடாது. மீண்டும் 40-க்குப் போய் வர வேண்டும். கிராங்குக்கும் மேக்னெட்டோவுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு கியரிலும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. ஓடும் எஞ்சினில் அந்த ஆட்டம் எப்போதும் ஒரே பக்கம் இழுபட்டிருக்கும். நாம் அளக்கும்போதும் அதே பக்கம் இழுபட்டிருக்க வேண்டும்.

கோப்பதும் லைட் வைத்துப் பார்ப்பதும்

மேக்னெட்டோவை 1-ம் சிலிண்டர் குறியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு அதன் தளத்தில் உட்கார வையுங்கள். அதை எஞ்சினோடு கோக்கும் வெர்னியர் கப்ளிங்கின் இரு முகத்திலும் பல் எண்ணிக்கை வேறுவேறு. ஒரு பக்கம் 19, மறுபக்கம் 20 என்றிருந்தால், நடுவிலுள்ள ரப்பர் துண்டை ஒரு பக்கம் ஒரு பல் முன்னும் மறுபக்கம் ஒரு பல் பின்னும் நகர்த்தும்போது கிடைக்கும் மாற்றம் 0.95 டிகிரி, அதுவும் மேக்னெட்டோ தண்டில். குறியோடு மிக நெருக்கமாகப் பொருந்தும் பல்லைத் தேடிப் போடுங்கள். ரப்பர் விரிசல் விட்டிருந்தாலோ எண்ணெயில் ஊறி உப்பியிருந்தாலோ புதியது போடாமல் மேலே போகாதீர்கள்.

சாதாரண பல்பையும் பேட்டரியையும் வைத்துப் பாயின்ட் திறப்பைப் பார்க்க முடியாது. பாயின்டுக்கு இணையாகப் பிரைமரி காயில் இருக்கிறது, அதன் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு. பாயின்ட் திறந்தாலும் காயில் வழியாகக் கரண்ட் ஓடி பல்ப் எரிந்துகொண்டே இருக்கும். மேக்னெட்டோவுக்கென்று செய்த இரட்டை விளக்கு டைமிங் லைட் வேண்டும். கறுப்பு கிளிப் எஞ்சின் உடலில், சிவப்பு இரண்டும் இரண்டு மேக்னெட்டோவின் பிரைமரியில். பி-லீட் மாட்டியிருந்தால் சுவிட்ச் "போத்"தில் இருக்க வேண்டும். ஆஃபில் இருந்தால் பிரைமரி எர்த் ஆகி லைட் மாறாமலே நிற்கும். "லைட் வேலை செய்யவில்லை" என்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். சுவிட்சைப் போட்டுவிட்டால் மேக்னெட்டோ உயிர் பெற்றுவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும்.

மறுபடியும் 40-இலிருந்து மெதுவாக வாருங்கள். இரண்டு விளக்கும் 25-இல், ஒன்றோடொன்று அரை டிகிரிக்குள் மாற வேண்டும் என்பதை இலக்காகக் கொள்ளுங்கள். ஏற்கத்தக்க எல்லை எஞ்சின் கையேட்டில் இருப்பதே. ஒன்று முந்தினால் அந்த மேக்னெட்டோவின் கப்ளிங்கை மாற்றிப் போடுங்கள். சரியானதும் போல்ட்டுகளை டார்க் அளவுக்கு இறுக்கி, புரொப்பெல்லரை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு இன்னொரு முறை அளந்த பிறகே லாக் ஒயர் கட்டுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

எஞ்சின் சூடானதும் முதலில் ஐடிலில் சுவிட்சை ஒரு நொடி ஆஃப் செய்து எஞ்சின் அணையத் தொடங்குகிறதா என்று பாருங்கள். அணையவில்லை என்றால் பி-லீட் எர்த் ஆகவில்லை. அதைச் சரிசெய்யாமல் யாரையும் புரொப்பெல்லர் அருகே விடக் கூடாது. பிறகு விமானக் கையேடு சொல்லும் வேகத்தில் மேக்னெட்டோ டிராப், அதாவது ஒரே மேக்னெட்டோவில் ஓட்டும்போது வேகம் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கலாம். 100 ஆர்பிஎம்முக்கு மேல் விழுந்தால் ஏற்க வேண்டாம்.

எவ்வளவு விழுந்தது என்பதைவிட எப்படி விழுந்தது என்பதே அதிகம் சொல்லும். சட்டென்று விழுந்து எஞ்சின் உதறினால் பிளக்கோ ஹார்னஸோ. ஸ்டார்ட் செய்த உடனே அந்த மேக்னெட்டோவில் மட்டும் ஓட்டி, எந்தச் சிலிண்டர் குளிர்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஆள் அகப்படும். ஃபயரிங் ஆர்டரில் அடுத்தடுத்து வரும் இரண்டு, உதாரணமாக 3-ம் 5-ம், குளிர்ந்திருந்தால் பிளக்கை விட்டுவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கில் ஈரமோ விரிசலோ தேடுங்கள். அவற்றின் முனைகள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. உதறாமல் மெதுவாக இறங்கி அதிகமாக விழுந்தால் டைமிங்கையோ வால்வ் இடைவெளியையோ பார்க்க வேண்டும். டிராப்பே இல்லையென்றால் மகிழ வேண்டாம். ஒன்று பி-லீட் அறுந்திருக்கிறது, அல்லது அந்த மேக்னெட்டோ அளவுக்கு மீறி அட்வான்ஸில் இருக்கிறது.

அட்வான்ஸ் அதிகமானால் ஸ்டார்ட் செய்யும்போது உதைக்கும், சிலிண்டர் தலை சூடேறும், முழு பவரில் டெட்டனேஷன் (கலவை சீராக எரியாமல் வெடிப்பது) வந்து பிஸ்டனைத் தின்னும். ரிடார்ட் ஆனால், அதாவது ஸ்பார்க் பிந்தினால், பவர் குறையும், எரிந்து முடியாத வாயு எக்ஸாஸ்ட் வால்வைச் சுடும். இரண்டில் முன்னது வேகமாகக் கொல்லும்.

இடது வலது இரண்டும் எந்த டிகிரியில் திறந்தன என்பதை லாக் புத்தகத்தில் எண்ணாகவே எழுதுங்கள், "சரி" என்று எழுதாதீர்கள். அடுத்த சோதனையில் எண் 25-ஐவிடக் குறைந்து, ஸ்பார்க் தாமதமாகியிருந்தால் ஃபாலோவர் தேய்கிறது. கூடி, ஸ்பார்க் முந்தியிருந்தால் பாயின்ட் கருகிக் கரைகிறது. இரண்டுக்கும் மருந்து பிரேக்கர் மூடிக்குள்ளேதான் இருக்கிறது, கப்ளிங்கைத் தொட வேண்டியதில்லை. உள்ளே ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஈ-கேப் அப்படியே இருந்து, வெளியே மட்டும் நகர்ந்திருந்தால்தான் கப்ளிங் ரப்பரையும் தளத்தின் போல்ட்டுகளையும் டிரைவ் கியரையும் தேட வேண்டும்.